தானுந்து உட்புற மணம்

தானுந்து உட்புற மணம் என்பது தானுந்தின் (மகிழுந்து, கார்) பயணியர் அறைக்குள் உணரப்படும் மணங்களைக் குறிக்கும். புதிய வண்டியின் நெகிழி மணம், குளிரூட்டியிலிருந்து வரும் ஈர வாடை, சிந்திய பாலின் புளித்த நெடி, புகையிலை நெடி, நறுமணமூட்டிகளின் வாசனை ஆகியன இவற்றுள் அடங்கும். இம்மணங்கள் பெரும்பாலும் வசதி தொடர்பானவையாகவே கருதப்படுகின்றன. எனினும் இவற்றுட் சில, வண்டியின் பழுதையோ பயணிகளின் உடல்நலத்துக்கு நேரக்கூடிய தீங்கையோ முன்கூட்டியே அறிவிப்பவை. ஆகவே உட்புறத்தைத் தூய மணத்துடன் வைத்திருத்தல் என்பது, விரும்பத்தகாத மணத்தை வேறொரு மணத்தால் மறைப்பதன்று. அதன் மூலத்தைக் கண்டறிந்து நீக்குவதாகும்.

சொற்பயன்பாடு

தமிழில் மணத்தைக் குறிக்கும் சொற்கள் பல. மணம், வாசனை, நறுமணம் என்பன இனிய உணர்வையும், வாடை, நெடி, வீச்சம், கவிச்சு, துர்நாற்றம் என்பன பெரும்பாலும் விரும்பத்தகாத உணர்வையும் குறிக்கின்றன. இன்று கெட்ட மணத்தை மட்டும் குறிக்கும் நாற்றம் என்னும் சொல், பழந்தமிழில் மணம் என்னும் பொதுப்பொருளிலேயே வழங்கியது. திருக்குறளில் ஐம்புலன்கள் சொல்லப்படும் இடத்தில் மூக்கின் புலன் நாற்றம் என்றே குறிக்கப்படுகிறது. இக்கட்டுரையில் மணம் என்பது பொதுச்சொல்லாகவும், துர்நாற்றம் என்பது விரும்பத்தகாத மணத்துக்கும் ஆளப்படுகின்றன.

மணம் உணரப்படும் விதம்

ஒரு பொருளிலிருந்து ஆவியாகிப் பிரியும் மூலக்கூறுகள் காற்றில் கலந்து மூக்கின் மேற்பகுதியிலுள்ள மணநுகர்ச்சி உயிரணுக்களை அடையும்போது மணம் உணரப்படுகிறது. இவ்வுயிரணுக்களில் உள்ள ஏற்பிகளை இனங்கண்ட ஆய்வை ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் 1991 இல் வெளியிட்டனர். இதற்காக 2004 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. மனிதரில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் செயற்படுகின்றன. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டலாம். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்குத் துலங்கலாம். இச்சேர்க்கைகளைக் கொண்டே மூளை மணங்களைப் பிரித்தறிகிறது.

ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும்போது சில நிமிடங்களில் அதனை உணரும் திறன் குறைந்துவிடுகிறது. இது மணப்பழக்கம் எனப்படுகிறது. நாள்தோறும் வண்டி ஓட்டுபவர் தம் வண்டியின் துர்நாற்றத்தை உணராதிருக்க, புதிதாக ஏறுபவர் உடனே உணர்வது இதனாலேயே ஆகும். நறுமணமூட்டியின் வாசனை குறைந்துவிட்டதாக எண்ணி உரிமையாளர் மேலும் மேலும் சேர்ப்பதற்கும் இதுவே காரணம். வண்டியின் உண்மையான மணத்தை அறிய விரும்புபவர், கதவுகளைச் சில மணிநேரம் மூடி வைத்து, தாம் வெளிக்காற்றில் சற்று நேரம் இருந்த பின்னர் கதவைத் திறந்து நுகர்ந்து பார்த்தல் வேண்டும்.

சிறிய இடமும் வெப்பமும்

பொதுவான ஒரு தானுந்தின் பயணியர் அறை ஏறத்தாழ 3 கன மீட்டர் கொள்ளளவு உடையது. 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள வீட்டு அறை 36 கன மீட்டர் கொள்ளளவு கொண்டது. ஆகவே ஒரே அளவு ஆவி, அவ்வறையிலிருப்பதைப் போலப் பன்னிரண்டு மடங்கு செறிவுடன் தானுந்தினுள் நிரம்பும். வீட்டில் பொருட்படுத்தத் தகாத சிறு கசிவும் வண்டிக்குள் பெரிதாகத் தெரிவதன் காரணம் இதுவே.

வெப்பநிலை உயரும்போது பொருள்களின் ஆவியழுத்தமும் உயர்கிறது. கண்ணாடி வழியே நுழையும் சூரிய ஒளியை இருக்கைகளும் முகப்புப் பலகையும் உறிஞ்சி வெப்பமாக மாற்றுகின்றன. மூடிய அறையிலிருந்து அவ்வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. 2005 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, வெயிலில் நிறுத்தப்பட்ட தானுந்தின் உட்புற வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியசு அளவு உயர்ந்தது. இவ்வுயர்வில் 80 விழுக்காடு முதல் 30 நிமிடங்களிலேயே நிகழ்ந்தது. கண்ணாடிகளைச் சிறிதளவு இறக்கி வைத்தது இதனைப் பெரிதும் குறைக்கவில்லை. நண்பகலில் வண்டிக் கதவைத் திறந்தவுடன் நெடி முகத்தில் அறைவதும், அதே வண்டி விடியற்காலையில் மணமற்றிருப்பதும் இதனால் விளங்கும்.

துர்நாற்றத்தின் மூலங்கள்

ஈரம்

தானுந்துத் துர்நாற்றத்தின் முதன்மையான காரணம் ஈரமாகும். மழைக்கால்களுடன் ஏறும் பயணிகள், சரியாக மூடப்படாத கண்ணாடி, தேய்ந்த கதவு ரப்பர், அடைபட்ட வடிகால் துளைகள் ஆகியவற்றின் வழியே நீர் உட்புகுகிறது. தரைவிரிப்பின் மேற்பரப்பு காய்ந்தாலும் அதன் அடியிலுள்ள பஞ்சு அடுக்கு நீரை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும். ஈரமும் அழுக்கும் இளஞ்சூடும் சேர்ந்த இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் வளரத் தொடங்கலாம். பூஞ்சணங்களும் சில பாக்டீரியாக்களும் வெளியிடும் ஆவிகளே மக்கிய வாடையாக உணரப்படுகின்றன. மண்ணில் மழைத்துளி விழும்போது எழும் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் சேர்மமும் இவ்வகை நுண்ணுயிர்களிலிருந்தே தோன்றுகிறது. வயலில் இனிதாக இருக்கும் அம்மணம் வண்டியின் தரைவிரிப்பிலிருந்து வந்தால் அது கசிவின் அறிகுறியாகும்.

குளிரூட்டி

தொழிற்சாலையிலேயே குளிரூட்டி பொருத்தும் வசதியை அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் 1939 இல் அறிவித்தது. அன்று முதல் இன்று வரை அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. முகப்புப் பலகைக்குப் பின்புறம் உள்ள ஆவியாக்கி என்னும் குளிர்ந்த உலோக அடுக்கின் வழியே காற்று செலுத்தப்படுகிறது. காற்றிலுள்ள நீராவி அவ்வடுக்கின்மேல் நீராகப் படிந்து, வடிகுழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. ஓட்டத்தை நிறுத்திய பின்னர் எஞ்சும் ஈரத்தில் தூசும் பூந்தாதும் ஒட்டிக்கொள்ள, நுண்ணுயிர்கள் படலமாக வளர்கின்றன. மெத்திலோபாக்டீரியம் முதலிய பேரினங்கள் ஆவியாக்கிகளில் காணப்பட்டுள்ளன. குளிரூட்டியை இயக்கிய முதற் சில நிமிடங்களில் அழுக்குக் காலுறை போன்ற வாடை வந்து பின் குறைந்தால், மூலம் பெரும்பாலும் ஆவியாக்கியே ஆகும். வடிகுழாய் அடைபட்டால் நீர் உட்புறமே கசிந்து முன்பயணியின் காலடி விரிப்பை நனைக்கும்.

உணவுப் பொருள்கள்

சிந்திய பால் மிகப் பிடிவாதமான துர்நாற்றத்தைத் தருவது. கடையிலிருந்து கொண்டுவரும்போது உடையும் பால் பொட்டலம் தரைவிரிப்பின் அடியடுக்கு வரை ஊறிவிடுகிறது. பாக்டீரியாக்கள் பாற்சர்க்கரையைப் புளிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தையும், பால் கொழுப்பு சிதைவதால் பியூட்டிரிக் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. பின்னது வாந்தியின் நெடிக்கும் காரணமான சேர்மமாகும். மீன், கருவாடு ஆகியவற்றின் கவிச்சுக்கு டிரைமெத்திலமின் என்னும் காரத்தன்மையுள்ள சேர்மம் காரணம். டுரியான் பழத்தின் நெடி கந்தகச் சேர்மங்களால் ஆனது. சிங்கப்பூரின் பெருவிரைவுத் தொடருந்துகளில் டுரியான் கொண்டுசெல்லத் தடை இருப்பதால், அப்பழத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்வதில் தானுந்துக்குப் பங்கு அதிகம்.

புகையிலை

புகையிலைப் புகையிலுள்ள நிக்கோட்டினும் தார்ப்பொருள்களும் கூரைத்துணி, இருக்கை, கண்ணாடி ஆகியவற்றில் படிந்து, புகை கலைந்த பின்னரும் பல மாதங்கள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இப்படிவு மூன்றாம்நிலைப் புகை எனப்படுகிறது. பரப்பில் படிந்த நிக்கோட்டின், காற்றிலுள்ள நைட்ரசு அமிலத்துடன் வினைபுரிந்து புற்றுநோய் ஊக்கிகளான நைட்ரசமின்களை உருவாக்குவதை அமெரிக்காவின் லாரன்சு பெர்க்கிலி தேசிய ஆய்வகத்தினர் 2010 இல் வெளியிட்டனர். குழந்தைகள் இருக்கைகளைத் தொட்டுக் கையை வாயில் வைப்பதால் அவர்களே மிகுதியாகப் பாதிக்கப்படுவர். 18 வயதுக்குட்பட்டவர் பயணம் செய்யும் மூடிய வண்டிகளில் புகைபிடித்தல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015 அக்டோபர் 1 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

உயிரினங்களும் மலர்களும்

நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டிகளில் எலிகள் காற்று நுழைவாயிலுக்குள் கூடு கட்டுவதுண்டு. எலிச் சிறுநீரிலிருந்து அம்மோனியா நெடியும், இறந்த உடலிலிருந்து புட்ரெசின், கடாவெரின் ஆகிய சேர்மங்களின் பிணவாடையும் எழும். தமிழ்நாட்டில் முகப்புப் பலகையிலுள்ள கடவுள் உருவத்துக்கு மல்லிகை, சாமந்தி முதலிய மலர்கள் சூட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. நாள்தோறும் மாற்றப்படாவிடில் அவை வெயிலில் வாடி, காற்றுத் துளைகளுக்குள் உதிர்ந்து, ஆவியாக்கி வரை சென்று அழுகுகின்றன. இது எளிதில் தவிர்க்கக்கூடிய காரணமாகும்.

புதுத் தானுந்து மணம்

புதிய தானுந்தின் மணத்தைப் பலர் விரும்புவர். நெகிழி, செயற்கைத் தோல், பசை, பூச்சு, நுரைப்பஞ்சு ஆகியவற்றிலிருந்து வெளியேறும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களே அம்மணத்துக்குக் காரணம். தொலுயீன், சைலீன், ஸ்டைரீன், பார்மால்டிகைடு, அசிட்டால்டிகைடு முதலியன இவற்றுட் சில. பென்சீனும் பார்மால்டிகைடும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவன என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. இச்சேர்மங்களின் செறிவு முதற் சில வாரங்களில் விரைவாகக் குறைகிறது. வெப்பமான நாள்களில் மீண்டும் கூடுகிறது. புதிய வண்டியை முதற் சில மாதங்கள் கண்ணாடிகளை இறக்கிக் காற்றோட்டம் செய்த பின்னர் ஓட்டுவது பரிந்துரைக்கப்படுகிறது.

இது குறித்த நெறிமுறைகள் முதலில் கிழக்காசியாவில் தோன்றின. யப்பானியத் தானுந்து உற்பத்தியாளர் சங்கம் 2005 இல் தன்விருப்ப நெறிமுறையை அறிவித்தது; 2007 முதல் வெளிவந்த புதிய வகைகளுக்கு அது பொருந்தியது. தென்கொரியா 2007 இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சீனாவின் வழிகாட்டுச் சீர்தரம் 2011 இல் வெளியிடப்பட்டு 2012 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. பென்சீன் உள்ளிட்ட எட்டுச் சேர்மங்களுக்கு அது வரம்பு குறித்தது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் உட்புறக் காற்றுத் தரம் பற்றிய பொதுத் தீர்மானம் 2017 இல் ஏற்கப்பட்டது.

உற்பத்தியாளர்கள் பயிற்சி பெற்ற நுகர்வோர் குழுக்களையும் பயன்படுத்துகின்றனர். செருமானியத் தானுந்துத் தொழில் ஒன்றியத்தின் 270 ஆம் எண் சீர்தரத்தின்படி, உட்புறப் பொருளின் மாதிரி மூடிய கலத்தில் சூடாக்கப்பட்டு, அதன் மணம் 1 முதல் 6 வரையான அளவையில் மதிப்பிடப்படுகிறது. 1 என்பது உணர இயலாதது. 6 என்பது தாங்க இயலாதது. சீனாவில் வாங்குவோர் பலர் புதுத் தானுந்து மணத்தைக் குறையாகக் கருதுவதால், அதனை நீக்கும் முறை ஒன்றுக்கான போர்டு நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பம் 2018 இல் வெளியானது. வண்டியை வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளைத் திறந்து, சூடாக்கியையும் காற்றூதியையும் இயக்கி ஆவிகளை வெளியேற்றுவதே அம்முறையின் சாரம். ஒரு நாட்டில் புதுமையின் அடையாளமாக விரும்பப்படும் மணம் மற்றொரு நாட்டில் நஞ்சின் அடையாளமாக வெறுக்கப்படுவது குறிப்பிடத்தக்கது.

எச்சரிக்கும் மணங்கள்

சில மணங்கள் தூய்மை தொடர்பானவை அல்ல. அவற்றை நறுமணமூட்டியால் மறைப்பது ஆபத்தானது.

பெட்ரோல் நெடி: எரிபொருள் குழாய், தொட்டி மூடி அல்லது இணைப்பில் கசிவு இருக்கலாம். தீப்பற்றும் வாய்ப்புள்ளதால் வண்டியை நிறுத்திச் சோதித்தல் வேண்டும்.

அழுகிய முட்டை மணம்: ஐதரசன் சல்பைடு வளிமத்தால் எழுவது. எரிபொருளிலுள்ள கந்தகமும் வினையூக்கி மாற்றியின் கோளாறும், அளவுக்கு மீறி மின்னேற்றப்படும் ஈய அமில மின்கலமும் இதற்குக் காரணமாகலாம். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் 6 நெறிப்படி எரிபொருளின் கந்தக அளவு மில்லியனுக்கு 50 பகுதியிலிருந்து 10 பகுதியாகக் குறைக்கப்பட்டது.

இனிய பாகு மணம்: இயந்திரக் குளிர்நீர்மத்திலுள்ள எத்திலீன் கிளைக்கால் கசிவதைக் குறிக்கலாம். முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான படலம் தோன்றினால் ஐயம் வலுப்பெறும். இச்சேர்மம் நச்சுத்தன்மை உடையது.

எரிந்த மணம்: நெகிழி எரிவது போன்றிருந்தால் மின்கம்பிக் கோளாறும், எரிந்த தாள் போன்றிருந்தால் உரசிணைப்பின் (கிளட்ச்) தேய்மானமும், எரிந்த எண்ணெய் போன்றிருந்தால் புகைபோக்கியின்மேல் எண்ணெய் சொட்டுவதும் காரணமாகலாம்.

சமையல் வளிம நெடி: வளிம எரிபொருளால் ஓடும் வண்டிகளில் கசிவைக் குறிக்கும். இவ்வளிமங்களுக்கு இயல்பாக மணம் இல்லை; கசிவை மக்கள் அறியும்பொருட்டே மெர்காப்டன் வகைக் கந்தகச் சேர்மங்கள் சேர்க்கப்படுகின்றன. நீர்மப் பெட்ரோலிய வளிமம் காற்றைவிட எடை மிகுந்தது. ஆகவே அது வண்டியின் தரைமட்டத்தில் தேங்கும்.

கார்பன் மோனாக்சைடு வளிமத்துக்கு மணமே இல்லை என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. புகைபோக்கியில் ஓட்டை உள்ள வண்டியிலும், மூடிய கொட்டகையில் இயந்திரம் ஓடும் வண்டியிலும் அது உட்புகலாம். தலைவலி, குமட்டல், அயர்வு ஆகியன அதன் அறிகுறிகள். புகைபோக்கி நெடி வண்டிக்குள் சிறிதளவு வந்தாலும் அதனுடன் இவ்வளிமமும் வருகிறது எனக் கொள்ளுதல் வேண்டும். குளிரூட்டியை இயக்கியபடி மூடிய இடத்தில் வண்டிக்குள் உறங்குவது உயிருக்கு ஆபத்தானது.

துர்நாற்றத்தை நீக்கும் முறைகள்

துர்நாற்ற நீக்கத்தில் நான்கு வழிகள் உள்ளன. அவை மூலத்தை அகற்றுதல், வேதியியல் முறையில் நடுநிலையாக்குதல், உறிஞ்சிப் பிடித்தல், காற்றோட்டத்தால் வெளியேற்றுதல் என்பன. முதல் வழி இன்றிப் பிற வழிகள் நிலைத்த பயன் தருவதில்லை.

மூலத்தை அகற்றுதல்: இருக்கை இடுக்குகள், விரிப்பின் அடி, பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் இருக்கும் குழி ஆகியவற்றைத் திறந்து பார்த்தல் முதற்படி. தூசு உறிஞ்சியால் துகள்களை நீக்கியபின், சிறிதளவு சவர்க்கார நீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, முழுதும் காயவிட வேண்டும். நீரை மிகுதியாகப் பயன்படுத்தினால் ஒரு துர்நாற்றம் போய் மற்றொன்று வந்து சேரும்.

நடுநிலையாக்கல்: பாலின் நெடி அமிலத்தன்மை உடையது. ஆகவே அதற்குச் சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டு பொருந்தும். கறையை முதலில் துடைத்துக் காயவிட்டு, மாவைத் தூவி ஓர் இரவு விட்டு, மறுநாள் உறிஞ்சி எடுப்பது வழக்கம். மீன் கவிச்சு காரத்தன்மை உடையது. அதற்கு நீர்த்த வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு பொருந்தும். மீனைப் புளியிட்டுக் கழுவும் வழக்கத்திலும் இவ்வேதியியலே செயற்படுகிறது. கவிச்சுக்குச் சோடாவையும் பால் நெடிக்கு வினிகரையும் இடுவதால் பயன் குறைவு. புரதம், கொழுப்பு ஆகியவற்றால் ஆன கறைகளுக்கு அவற்றைச் சிதைக்கும் நொதிகள் கலந்த தூய்மிகள் கிடைக்கின்றன. வெந்நீரும் வலிய கிருமிநாசினியும் நொதியின் செயலைக் கெடுக்கும் என்பதால் அவற்றை உடன் பயன்படுத்தலாகாது.

உறிஞ்சிப் பிடித்தல்: கிளர்வுற்ற கரியின் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேற்பட்டது. மண மூலக்கூறுகள் இப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இது புறப்பரப்புக் கவர்ச்சி எனப்படும். வீட்டு அடுப்புக்கரிக்கு இத்திறன் மிகக் குறைவு. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது மாப்பொருளிலிருந்து பெறப்படும் வளைய வடிவச் சேர்மம். அதன் உட்குழிவில் மண மூலக்கூறுகள் அடைபடுகின்றன. 1891 இல் கண்டறியப்பட்ட இச்சேர்மம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் துணிகளுக்கான மணநீக்கித் தெளிப்பான்களில் இடம்பெற்றது.

ஓசோன் முறை: சில பணிமனைகளில் ஓசோன் உருவாக்கியை வண்டிக்குள் வைத்து இயக்குகின்றனர். ஓசோன் மண மூலக்கூறுகளை ஆக்சிசனேற்றம் செய்து சிதைக்கிறது. எனினும் அது நுரையீரலுக்குத் தீங்கானது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நெறிகளில் எட்டு மணிநேர வேலைக்கு அதன் வரம்பு மில்லியனுக்கு 0.1 பகுதி மட்டுமே. இம்முறையின்போது வண்டிக்குள் எவரும் இருத்தலாகாது. முடிந்தபின் நன்கு காற்றோட்டம் செய்தல் வேண்டும். அடிக்கடி செய்தால் ரப்பர் பகுதிகள் வெடிக்கும்.

நறுமணமூட்டிகள்

மரவடிவ நறுமண அட்டை உலகெங்கும் அறியப்பட்ட நறுமணமூட்டியாகும். செருமனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வேதியியலாளரான யூலியசு சேமன், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் 1952 இல் இதனை உருவாக்கினார். அவர் முன்னர் கனடாவின் காடுகளில் ஊசியிலை மரங்களின் எண்ணெய்களை ஆராய்ந்தவர். சிந்திய பாலின் நாற்றத்தைப் பற்றிப் பால் வண்டி ஓட்டுநர் ஒருவர் அவரிடம் குறைபட்டுக்கொண்டதே இதற்குத் தூண்டுகோல் எனச் சொல்லப்படுகிறது. நறுமண எண்ணெய் ஊறிய அட்டையை மெல்லிய உறைக்குள் வைத்து, உறையைச் சிறிது சிறிதாகத் திறப்பதால் மணம் பல வாரங்களுக்குச் சீராக வெளிப்படுகிறது. உறையை ஒரேயடியாக நீக்குபவர்கள் முதல்நாள் மிகுந்த மணத்தையும், பின்னர் வெறும் அட்டையையும் பெறுகின்றனர். இன்று பசைக்கூழ், நீர்மம், காற்றுத்துளைப் பற்றி, தெளிப்பான் எனப் பல வடிவங்களில் நறுமணமூட்டிகள் விற்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் வெட்டிவேர்க் கட்டுகளையும் வெட்டிவேரால் செய்த பிள்ளையார் உருவங்களையும் வண்டிகளில் வைப்பதுண்டு. இவ்வேரின் எண்ணெயிலுள்ள குசிமோல் முதலிய பெரிய மூலக்கூறுகள் மெதுவாகவே ஆவியாவதால் மணம் மென்மையாகவும் நெடுநாளும் நிற்கும். இதற்கு மாறாக, எலுமிச்சை, ஆரஞ்சு மணங்களுக்குக் காரணமான லிமோனீன் விரைவில் ஆவியாகிவிடும். வேரின்மேல் நீர் தெளித்தால் மணம் மிகும். எனினும் ஈரமான வேரை மூடிய வண்டியில் விடுவது பூஞ்சணத்துக்கு இடமளிக்கும்.

நறுமணமூட்டிகளால் சில தீங்குகளும் உண்டு:

ஈளை நோய், ஒற்றைத் தலைவலி ஆகியன உள்ளவர்களுக்கும், பயணத்தில் குமட்டல் உள்ளவர்களுக்கும் செறிந்த மணம் ஒவ்வாது.

லிமோனீன் போன்ற சேர்மங்கள் காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து பார்மால்டிகைடை உண்டாக்குகின்றன.

நீர்ம நறுமணமூட்டி சிந்தினால் முகப்புப் பலகையின் நெகிழியும் பூச்சும் இளகிக் கெடும்.

அழுத்தக் கலங்களை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டால் வெடிக்கும் ஆபத்து உண்டு. 50 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கலாகாது என்ற எச்சரிக்கை அவற்றின்மேல் அச்சிடப்பட்டிருக்கும்.

பூச்சியுருண்டை எனப்படும் நாப்தலீனை நறுமணத்துக்காக வண்டியில் வைப்பது தவறு. அதன் ஆவி, குளுக்கோசு 6 பாசுபேட்டு நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளில் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். கற்பூரம் எளிதில் தீப்பற்றுவது. குழந்தைகள் விழுங்கினால் வலிப்பை உண்டாக்குவது.

பின்நோக்கு ஆடியில் தொங்கும் பொருள்கள் ஓட்டுநரின் பார்வையை மறைக்கலாம். அமெரிக்காவின் சில மாநிலங்களில் இதற்குச் சட்டக் கட்டுப்பாடு உள்ளது.

வெள்ளத்தில் மூழ்கிய தானுந்துகள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயலையொட்டிய வெள்ளத்திலும் சென்னையில் ஏராளமான தானுந்துகள் நீரில் மூழ்கின. வெள்ளநீரில் கழிவுநீரும் எண்ணெயும் கலந்திருப்பதால் இத்தகைய வண்டியின் துர்நாற்றம் வெறும் ஈர வாடை அன்று. நோய்க்கிருமிகளின் அறிகுறியும் ஆகும்.

நீர் வடிந்தவுடன் இயந்திரத்தை இயக்கிப் பார்ப்பது பெருந்தவறு. உருளைக்குள் நீர் புகுந்திருந்தால் இயந்திரம் உடையும். முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்து, ஒளிப்படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பையும் அதன் அடிப்பஞ்சையும் வெளியே எடுத்தல் வேண்டும். ஊறிய அடிப்பஞ்சைக் காயவைப்பதைவிட மாற்றுவதே நன்று. உலோகத் தரையைத் தூய நீரால் கழுவிக் கிருமிநீக்கம் செய்து, முழுதும் உலர்ந்த பின்னரே விரிப்பை மீண்டும் இடுதல் வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் காற்றுப்பை இணைப்புகள் இருப்பதால் இப்பணியைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவது பாதுகாப்பானது.

பழைய தானுந்தை வாங்குவோர் கவனத்துக்கு

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் மேற்பூச்சாகத் தூய்மை செய்யப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. பார்க்கச் செல்லும் வண்டியில் நறுமணமூட்டியின் மணம் அளவுக்கு மீறி இருப்பின் அதனை ஒரு கேள்வியாகக் கொள்ளுதல் வேண்டும். நறுமணமூட்டியை அகற்றச் சொல்லி, வண்டியை ஒரு மணிநேரம் வெயிலில் மூடி வைத்து, பின்னர் திறந்து நுகர்ந்து பார்க்கலாம். இருக்கைப்பட்டையை முழுதும் இழுத்துப் பார்த்தால் அதன் உட்பகுதியில் சேற்றுக் கோடு தென்படலாம். விரிப்பின் விளிம்பைத் தூக்கி அடிப்பஞ்சைத் தொட்டுப் பார்த்தல், மாற்றுச் சக்கரக் குழியில் வண்டல் உள்ளதா எனப் பார்த்தல், இருக்கைத் தண்டவாளங்களில் துருவைத் தேடுதல் ஆகியனவும் பயன் தரும். மின்னணுப் பகுதிகளில் அரிப்பு பல மாதங்கள் கழித்தே வெளிப்படும் என்பதால், இச்சோதனைகள் பெரும் இழப்பைத் தவிர்க்க உதவும்.

அன்றாடப் பராமரிப்பு

சேரும் இடத்துக்குச் சில நிமிடங்கள் முன்னரே குளிரூட்டியின் அமுக்கியை நிறுத்திக் காற்றூதியை மட்டும் ஓடவிட்டால் ஆவியாக்கி உலரும். குளிரூட்டி வாடையைத் தடுக்கும் எளிய வழி இது.

அறைக்காற்று வடிகட்டியை உற்பத்தியாளர் கையேட்டின்படி மாற்றுதல் வேண்டும். பல வண்டிகளுக்கு இது ஓராண்டு அல்லது 15,000 கிலோமீட்டர் அளவில் அமையும். தூசு மிகுந்த இடங்களில் முன்னதாகவே மாற்ற வேண்டிவரும். கரி கலந்த வடிகட்டி வெளிப்புகை நெடியையும் குறைக்கும்.

உட்காற்றுச் சுழற்சியை நெடுநேரம் தொடர்ந்து பயன்படுத்தலாகாது. வெளிக்காற்றில் மில்லியனுக்கு ஏறத்தாழ 420 பகுதியாக உள்ள கார்பன் டைஆக்சைடு, பலர் அமர்ந்த மூடிய வண்டியில் சில ஆயிரம் பகுதிகளாக உயர்ந்து அயர்வைத் தரும். இடையிடையே வெளிக்காற்றை உட்புகவிடுதல் நன்று.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியவுடன் கண்ணாடிகளைத் திறந்து ஓரிரு நிமிடங்கள் ஓட்டியபின் குளிரூட்டியை இயக்கினால், தேங்கிய ஆவிகள் வெளியேறும்.

நனைந்த குடை, மழையங்கி, உடற்பயிற்சி உடை ஆகியவற்றை வண்டிக்குள் விடலாகாது. பால், மாவு, மீன் ஆகியவற்றை விளிம்புள்ள தட்டிலோ மூடிய பாத்திரத்திலோ கொண்டுசெல்லுதல் வேண்டும்.

சிந்தியவற்றை அன்றே துடைத்தல் வேண்டும். அன்று ஐந்து நிமிடத்தில் முடியும் பணி, ஒரு வாரம் கழிந்தால் இருக்கையைக் கழற்றும் பணியாக மாறும்.

இவற்றையும் பார்க்க

தானுந்து
குளிரூட்டி
மணநுகர்ச்சி
பூஞ்சை
கிளர்வுற்ற கரி
வெட்டிவேர்
கார்பன் மோனாக்சைடு